லெங்கோங் பள்ளத்தாக்கில் எரிமலைக் கண்ணாடியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் இருப்பவர்களுக்கு லெங்கோங் தொலைவான ஊர் அன்று. கோலகங்சாரைக் கடந்து கிரிக் சாலையில் திரும்பினால், பால்மரமும் செம்பனையும் மாறி மாறி வரும் வழியில், ஒன்றரை மணி நேரத்திற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். பெரும்பாலோர் அங்கே பேரா மனிதன் எலும்புக்கூட்டுக்காகவும் குகைகளுக்காகவும் போகிறார்கள். ஆனால் அப்பள்ளத்தாக்கின் மண்ணுக்குள் இயற்கையே செய்த எரிமலைக் கண்ணாடி அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது என்பதும், அதைச் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டால் தோட்டத்துக் கானின் (வடிகாலின்) ஓரத்தில்கூட அடையாளம் காணலாம் என்பதும் நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரையும், மாணவர்களைக் கூட்டிச் செல்லும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களையும், மண்ணின் மீது ஆர்வமுள்ள இளைஞர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். எரிமலைக் கண்ணாடி என்றவுடன் படங்களில் பார்க்கும் கறுத்துப் பளபளக்கும் பாறைத்துண்டே எல்லாருடைய நினைவுக்கும் வரும். அப்சிடியன் எனப்படும் அந்தக் கருங்கண்ணாடி லெங்கோங்கில் கிடையாது. அங்கே இருப்பது அதே பொருளின் தூள் வடிவம். வெளுத்த சாம்பல் நிறத்திலோ, சில இடங்களில் இளஞ்சிவப்பு கலந்த வெண்மையிலோ, கையில் எடுத்தால் எடையே இல்லாதது போன்ற மாவாக அது இருக்கும். கறுப்புக் கல்லைத் தேடிப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். வெள்ளை அடுக்கைத் தேடிப் போகிறவருக்கே அப்பள்ளத்தாக்கு தன்னைக் காட்டும்.

அந்தத் தூள் எங்கிருந்து வந்தது?

தூளின் ஊற்று சுமத்திராவின் தோபா. இன்று சுற்றுலாப் பயணிகள் படகில் போய்வரும் தோபா ஏரி, நீளத்தில் ஏறத்தாழ 100 கிலோமீட்டரும் அகலத்தில் 30 கிலோமீட்டரும் உள்ள எரிமலைப் பள்ளம். அங்கே நிகழ்ந்த பல வெடிப்புகளுள் கடைசிப் பெருவெடிப்பு ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அது கக்கிய குழம்பின் அளவு சுமார் 2,800 கன கிலோமீட்டர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. கடந்த இருபது இலட்சம் ஆண்டுகளில் பூமி கண்ட வெடிப்புகளில் இதைவிடப் பெரியது அறியப்படவில்லை. இதன் சாம்பல் வங்காள விரிகுடாவின் அடியிலும், இந்தியாவின் பல ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும், ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்திலும், தென்சீனக் கடலிலும், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியின் சேற்றிலும் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. தோபாவிலிருந்து நேர்க்கோட்டில் 350 கிலோமீட்டருக்குச் சற்று மேலே உள்ள லெங்கோங்குக்கு அது வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

இந்தச் சாம்பல் அடுப்புச் சாம்பலைப் போல எரிந்த பொருளின் மிச்சம் அன்று என்பதைப் பிள்ளைகளுக்கு நன்றாக விளக்க வேண்டும். தோபாவின் குழம்பில் சிலிக்கா மிகுதி. அதனால் அது பாகு போலக் கெட்டியாக இருந்தது. அதற்குள் கரைந்திருந்த நீராவியும் பிற வாயுக்களும், மேலிருந்த அழுத்தம் குறைந்தவுடன் எண்ணற்ற குமிழிகளாகப் புடைத்தன. பொங்கும் சோற்றுப்பானையின் நுரையில் குமிழும் குமிழும் ஒட்டி நிற்பது போலக் குழம்பு முழுவதும் நுரையாகி, அந்த நுரை வெடித்துச் சிதறியபோது, குமிழிகளின் மெல்லிய சுவர்கள் துண்டு துண்டாக உடைந்து வானில் பறந்தன. படிகமாக அடுக்கிக்கொள்ள அணுக்களுக்கு நேரம் கிடைப்பதற்கு முன்பே அத்துண்டுகள் குளிர்ந்து இறுகிவிட்டன. அவ்வாறு ஒழுங்கின்றி உறைந்த பொருளையே கண்ணாடி என்கிறோம். ஆகவே அந்த வெள்ளை மாவின் ஒவ்வொரு துகளும், வெறுங்கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அளவுக்கு நுண்ணியதாக இருந்தாலும், உண்மையான கண்ணாடிச் சில்லு. இதே குழம்பு வாயுவை இழந்து, வெடிக்காமல் வழிந்து, விரைவாக உறைந்தால்தான் கருங்கண்ணாடிப் பாறை உருவாகும்.

கிரிக் வட்டாரத்தில் இதைவிடப் பன்மடங்கு பழைய எரிமலைச் சாம்பற்பாறையும் உண்டு. லாவின் பகுதியில் காணப்படும் அப்பாறைகள் தொல்லுயிர் ஊழியின் முற்பகுதியைச் சேர்ந்தவை. ஆனால் அவற்றில் கண்ணாடியைத் தேடக்கூடாது. கண்ணாடி நிலையற்ற பொருள்; கோடிக்கணக்கான ஆண்டுகள் செல்லும்போது அது மெல்ல மெல்லப் படிகமாகவோ களிமண்ணாகவோ மாறிவிடும். பேராவில் இளமையான எரிமலை எதுவும் இல்லாத நிலையில், கண்ணாடியாகவே நிலைத்திருக்கும் சாம்பல் என்றால் அது பக்கத்து நாட்டிலிருந்து காற்றில் வந்த தோபாச் சாம்பல்தான்.

புறப்படுவதற்கு முன்

பேராவின் வடபகுதியில் சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மழை வலுக்கும். மழைக்காலத்தில் மண்வெட்டுச் சரிவுகளின் கீழே நிற்பது ஆபத்து. ஜூன், ஜூலையும் ஆண்டின் முதலிரு மாதங்களும் ஏற்ற காலம். எந்த மாதமானாலும் விடியற்காலையில் புறப்பட்டு, பிற்பகல் இடிமழை தொடங்குவதற்கு முன் வெளிவேலையை முடித்துக்கொள்வது நல்லது. காலை வெயில் சாய்வாக விழும்போது அடுக்குகளின் நிறவேறுபாடு தெளிவாகத் தெரியும் என்பதும் ஒரு காரணம்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை, அளவுநாடா, குறிப்பேடு, பென்சில், ஒரு புட்டி தண்ணீர், சிறு புட்டியில் வினிகர் அல்லது ஓர் எலுமிச்சை, படமெடுக்கக் கைப்பேசி ஆகியவை போதும். மண்வெட்டியையும் சம்மட்டியையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முழுக்கால் சட்டையும் உயரமான காலணியும் கட்டாயம். ஈரமான காட்டோரத்தில் அட்டை ஏறும். செம்பனைத் தோப்புகளில் எலியைத் தேடி நாகம் வரும் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிரிக் பக்கமாக இன்னும் மேலே போனால் யானை நடமாட்டமும் உண்டு. முகக்கவசத்தை மறக்காதீர்கள். உலர்ந்த சாம்பல் காற்றில் எழும்பினால், அந்த நுண்ணிய கண்ணாடி நுரையீரலுக்குள் போகும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை உலர்ந்த வெட்டுமுகத்திற்கு அருகில் விடக்கூடாது.

அனுமதி பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்துச் சாலை பொதுச்சாலை அன்று. நம் தாத்தா அந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார், நம் அத்தை அங்கே வெளிக்காட்டு வேலை செய்தார் என்பதெல்லாம் உள்ளே நுழையும் உரிமையைத் தந்துவிடாது. அலுவலகத்திற்குப் போய், எதைப் பார்க்க வந்தோம், எத்தனை பேர், எந்த நேரத்திற்குள் வெளியே வருவோம் என்பதைக் கிராணியிடமோ நிர்வாகியிடமோ தெளிவாகச் சொல்லிச் சம்மதம் பெற்ற பிறகே உள்ளே போக வேண்டும். மலாய்க்காரர்களின் கம்பத்து (கிராமத்து) நிலமானால் கம்பத்துத் தலைவரிடம் கேட்க வேண்டும். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வழிகாட்ட ஆளையும் கூடவே அனுப்புகிறவர்கள் உண்டு.

வழியும் வரிசையும்

கோலகங்சாரிலிருந்து வடக்கே போகும் 76ஆம் எண் கூட்டரசுச் சாலைதான் வழி. சவுக் பட்டணத்தைத் தாண்டியதும் நிலம் மாறுவதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் தித்திவாங்சா மலைத்தொடர், மறுபக்கம் பிந்தாங் மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே பேரா ஆறு வளைந்து வளைந்து வெட்டிய பள்ளத்தாக்கு. இடையிடையே நிலத்திலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகள். ராபான் ஏரியின் அருகில் வண்டியைச் சற்று நிறுத்தினால், 1930இல் கட்டி முடிக்கப்பட்ட செண்டரோ அணையால் தேங்கிய நீர் பழைய ஆற்றுச் சமவெளிமீது பரந்து நிற்பதைக் காணலாம். சாம்பலின் கதை பாதி எரிமலையின் கதை என்றால், மறுபாதி இந்த ஆற்றின் கதை. ஆதலால் ஆற்றைப் பார்க்காமல் அடுக்கைப் பார்க்கப் போவதில் பயனில்லை.

லெங்கோங் பட்டணத்தை அடைவதற்கு முன்பே கோத்தா தம்பான் வந்துவிடும். அங்குள்ள தொல்லியல் காட்சிக்கூடத்திற்கு முதலில் போங்கள். திறந்திருக்கும் நாள்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வெளியே மண்ணைப் பார்த்துவிட்டுக் கடைசியில் காட்சிக்கூடத்தில் நுழைகிற வழக்கம் பலரிடம் இருக்கிறது. அது தலைகீழான வரிசை என்பது என் எண்ணம். சாம்பல் எப்படி இருக்கும், அதனோடு சேர்ந்து கிடைத்த கற்கருவிகள் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கம் ஏற்பட்ட பிறகு வெளியே போனால்தான், சாலையோர வெட்டுமுகம் வெறும் மண்ணாகத் தெரியாமல் பல அடுக்குகளாகப் பிரிந்து தெரியும்.

கோத்தா தம்பானைப் பற்றி ஒரு செய்தி நம்மவர்களுக்கு நெருக்கமானது. அந்த இடம் பால்மரத் தோட்டத்திற்குள் இருந்தது. 1938இல் காலிங்ஸ் என்னும் ஆய்வாளர் அங்கே பழங்காலக் கற்கருவிகளைக் கண்டார். பிறகு 1987இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சுரைனா மஜித் தலைமையில் நடந்த அகழாய்வில், மக்கள் கூழாங்கற்களை உடைத்துக் கருவி செய்த பட்டறையே அங்கு இருந்தது தெரியவந்தது. சம்மட்டியாகப் பயன்பட்ட கல், பட்டடையாகப் பயன்பட்ட கல், பாதியில் விட்ட கருவி, உதிர்ந்த சில்லு எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. லெங்கோங்கின் தொல்லியல் இடங்கள் 2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டதற்கு இந்தக் கண்டுபிடிப்பும் ஒரு முக்கியக் காரணம்.

வெட்டுமுகத்தைப் படிப்பது

சாம்பலைத் தரைமேல் தேடிப் பயனில்லை. வெப்பமண்டலத்தின் மழையும் வேரும் மேல்மண்ணைக் கலக்கிவிடும். மண் செங்குத்தாக வெட்டப்பட்ட இடங்களிலேயே பார்க்க வேண்டும்: சாலை அகலப்படுத்திய கரைகள், ஆற்றரிப்பு, ஆழமான கான்கள், மறுநடவுக்காகக் குன்றுச் சரிவில் எடுத்த படிவரிசைகள். பால்மரத்தை வீழ்த்திச் செம்பனை வைக்கும் ஆண்டிலோ, முதிர்ந்த செம்பனையை மாற்றும் ஆண்டிலோ நிலம் புதிதாகத் திறந்து கிடக்கும். அடுத்த சில மாதங்களுக்குள் கொடிப்பயிர் மூடிவிடும். இதனால்தான் பழைய தோட்டத் தொழிலாளர்களிடம் பேசுவது நூலகத்திற்குப் போவதற்குச் சமமான வேலை. "பெரியப்பா, மறுநடவுக்கு மண்ணைத் தள்ளினப்போ வெள்ளை மண் எங்கேயாவது தெரிஞ்சுதா?" என்று கேளுங்கள். எரிமலை, சாம்பல் என்றெல்லாம் கேட்டால் பதில் வராது. வெள்ளை மண், மாவு மண் என்று கேட்டால் எந்தச் சரிவில், எந்தக் கானின் பக்கத்தில் என்று இடத்தோடு சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நம் ஊர் மண் பெரும்பாலும் செம்மண், மஞ்சள் மண். அதன் நடுவே வெளுத்த பட்டை ஒன்று கிடையாக ஓடினால் நின்று பாருங்கள். ஆனால் வெளுத்ததெல்லாம் சாம்பல் அன்று. பேராவில் வெள்ளையாகத் தெரியும் மண் குறைந்தது நான்கு வகை என்பதால், ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

முதலில் சுண்ணாம்பைக் கழியுங்கள். லெங்கோங்கில் சுண்ணாம்புக் குன்றுகள் எங்கும் இருப்பதால் இந்தக் குழப்பம் மிக எளிதில் ஏற்படும். கீழே தானாக உதிர்ந்து கிடக்கும் தூளில் ஒரு சிட்டிகைமேல் எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ விட்டால், சுண்ணாம்பு நுரைத்துப் பொங்கும். சாம்பல் சும்மா இருக்கும். அடுத்தது வெண்களிமண். பீங்கான் செய்யப் பயன்படும் அந்தக் கயோலின் மண் பேராவின் கருங்கல் நிலங்களில் நிறைய உண்டு. நீர் சேர்த்துப் பிசைந்தால் அது வழவழப்பாகி, திரியாக உருட்டவும் வரும். சாம்பலைப் பிசைந்தால் திரளாது, உருட்டினால் உடையும், விரல்களுக்கிடையே நறநறவென்று இருக்கும். மூன்றாவது, குவார்ட்ஸ் மணல். அதுவும் நறநறக்கும், ஆனால் அதன் மணிகள் உருண்டையாகவும் கனமாகவும் இருக்கும், தண்ணீரில் போட்டவுடன் அடியில் போய்விடும். சாம்பல் நெடுநேரம் நீரில் மிதந்து கலங்கி நிற்கும்; அந்தப் புட்டியை வெயிலில் பிடித்து மெதுவாகச் சுழற்றினால், மெல்லிய தகடுகள் திரும்பும்போதெல்லாம் மினுக்கும். அந்த மினுக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. பிள்ளைகளுக்கும் அது ஒரே பார்வையில் புரிந்துவிடுகிறது.

ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். மேல்மட்டத்தில் நீண்ட காலம் நீர் ஊறிய சாம்பல் தானே களிமண்ணாக மாறத் தொடங்கியிருக்கும். அப்படிப்பட்ட அடுக்கு பிசைந்தால் ஓரளவு ஒட்டும். அதனால் ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவுக்கு வராமல், அடுக்கின் மேலும் கீழும் உதிர்ந்ததைத் தனித்தனியே பாருங்கள்.

கைவில்லையால் பார்க்கும்போது வெண்துகள்களுக்கு நடுவே கருப்பு அல்லது பழுப்பு நிறத்தில் தகடு தகடாக மின்னும் மணிகள் இருந்தால் மகிழ்ச்சியடையலாம். அவை பயோடைட் எனப்படும் கருமைக்கா. தோபாச் சாம்பலில் அது வழக்கமாகக் காணப்படும் கனிமம். அத்துடன், காலத்தைக் கணிக்க உதவும் சானிடின் என்னும் படிகமும் அதில் உண்டு. லெங்கோங் சாம்பலிலிருந்து பிரித்தெடுத்த சானிடின் படிகங்களை, உள்ளே சேர்ந்த ஆர்கான் வாயுவைக் கொண்டு வயது காணும் முறையில் அளந்துதான், தோபா வெடிப்பு 73,880 ஆண்டுகளுக்கு முன், முன்பின் 320 ஆண்டு வேறுபாட்டுக்குள், நிகழ்ந்தது என்று 2012இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் பயன்படுத்தும் அந்தத் தேதிக்குரிய படிகம் நம் பேரா மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

அடுத்து அடுக்கின் தடிப்பையும் அமைப்பையும் படிக்க வேண்டும். லெங்கோங்கில் சில இடங்களில் சாம்பல் மீட்டர் கணக்கில் தடித்துக் கிடக்கிறது. வானிலிருந்து அவ்வளவு கொட்டியது என்று அதைப் பார்த்தவுடன் சொல்லிவிடக்கூடாது. மலைச்சரிவுகளில் விழுந்த சாம்பலை மழை கழுவி இறக்க, பேரா ஆறும் அதன் கிளைகளும் அதைத் தாழ்ந்த இடங்களில் கொண்டுவந்து குவித்தன. இதை வெட்டுமுகமே காட்டும். மெல்லிய கிடைக்கோடுகள் நேராக ஓடினால் அசையாத நீரில் மெதுவாகப் படிந்தது. சாய்ந்த கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் ஓடும் நீர் தள்ளிச் சேர்த்தது. இடையிடையே கூழாங்கல்லோ பழுப்பு மணலோ கலந்திருந்தால் வெள்ளம் வந்தது. அடிப்பகுதியில் எங்கேனும் கலப்பே இல்லாத, கோடுகளும் இல்லாத மெல்லிய படலம் இருந்தால், வானிலிருந்து நேரடியாக விழுந்ததாக இருக்க வாய்ப்புண்டு. ஒரு வெட்டுமுகத்தின் முன் அரை மணி நேரம் நின்று இந்தக் கோடுகளை வரைந்துகொள்வது, பத்து இடங்களுக்கு அவசரமாக ஓடிப் பார்ப்பதைவிட அதிகம் கற்றுத்தரும்.

ஏன் தோண்டக்கூடாது

மேலே சொன்ன கோடுகள் வெறும் அழகுக்காக அல்ல. கோத்தா தம்பான் கருவிகளின் வயதே அவற்றைச் சார்ந்திருக்கிறது. கருவிகளோடு சேர்ந்து கிடந்த சாம்பலுக்கு 1980களில் ஏறத்தாழ 30,000 ஆண்டு வயது என்று கருதப்பட்டதால், பட்டறைக்கும் 31,000 ஆண்டு என்றே முதலில் எழுதினார்கள். சாம்பலின் வயது பிற்பாடு 74,000 எனத் திருத்தப்பட்டபோது பட்டறையின் வயதும் அதனோடு உயர்ந்தது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் சிலர், லெங்கோங் சாம்பல் ஆற்றால் மீண்டும் அள்ளிச் சேர்க்கப்பட்டது, ஆகவே சாம்பலின் வயதைக் கருவியின் வயதாக அப்படியே ஏற்கும்போது எச்சரிக்கை வேண்டும் என்று எழுதினார்கள். இந்த விவாதத்தில் இரு தரப்பும் கைநீட்டிக் காட்டும் சான்று, எந்த அடுக்குக்கு மேல் எது, எதற்குக் கீழ் எது என்பதுதான்.

இப்போது, ஆர்வத்தால் ஒருவர் அந்த அடுக்கில் மண்வெட்டியைப் போட்டு ஒரு பை நிறைய அள்ளிவிட்டால் என்ன ஆகும்? அவர் கையில் இருப்பது பெயரில்லாத வெள்ளைத் தூள். அவர் விட்டுப்போன குழியில் மேலும் கீழும் கலந்துபோய், அடுத்து வருகிற ஆய்வாளருக்கு அந்த இடம் ஊமையாகிவிடும். சாம்பலின் மதிப்பு முழுவதும் அது கிடக்கும் இடத்தில் இருக்கிறது. இடத்தைவிட்டு எடுத்த சாம்பலுக்கு மதிப்பே இல்லை. 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம், தொல்பொருளுக்காக அனுமதியின்றி அகழ்வதைக் குற்றமாக்குகிறது. பாரம்பரிய எல்லைக்குள் இருக்கும் கோத்தா தம்பான், புக்கிட் பூனோ, புக்கிட் ஜாவா ஆகிய இடங்களிலும் குகைக் குன்றுகளிலும் ஒரு கல்லைக்கூட இடம் மாற்றாதீர்கள். சட்டம் இல்லாத இடத்திலும் இதையே கடைப்பிடிக்க வேண்டும் என்றுதான் நான் கேட்டுக்கொள்வேன். கூரான சில்லுகள் உடைந்த கூழாங்கற்களோடு சேர்ந்து கண்ணில் பட்டால், அங்கேயே நின்று படம் மட்டும் எடுங்கள்.

சோதனைக்கும் நுண்ணோக்கிக்கும் தேவைப்படுவது, நில உரிமையாளரின் சம்மதத்தோடு, பாரம்பரிய எல்லைக்கு வெளியே, கரையடியில் தானாக உதிர்ந்து கிடக்கும் ஒரு தேக்கரண்டித் தூள் மட்டுமே. ஒரு வகுப்பு முழுவதும் பார்க்க அது போதும்.

பள்ளி நுண்ணோக்கியில்

தூளை நீரில் அலசி, களிமண் கலங்கலை இரண்டு மூன்று முறை வடித்துவிட்டு, எஞ்சியதில் ஒரு துளியை நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டில் வைத்து நூறு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். நிறமற்ற, வளைந்த தகடுகள் தெரியும். அவை குமிழிச் சுவர்கள். மூன்று குமிழிகள் சந்தித்த மூலையிலிருந்து உடைந்தவை முக்கவர் வடிவில் மூன்று கைகளை நீட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் நீண்ட குழல்கள் அடுக்கியது போன்ற கோடுகள் இருக்கும். குழம்பு இழுபட்டபோது குமிழிகளும் இழுபட்டதன் அடையாளம் அது. ஒளியை முனைவாக்கும் தாள் இரண்டு கிடைத்தால், ஒன்றை ஒளி வரும் பக்கத்திலும் மற்றொன்றைப் பார்வைக் குழாயின் மேலும், ஒன்றுக்கொன்று குறுக்காக வையுங்கள். கண்ணாடிச் சில்லுகள் எந்தப் பக்கம் திருப்பினாலும் இருண்டே இருக்கும்; குவார்ட்ஸ் போன்ற படிகங்கள் திருப்பத் திருப்ப ஒளிர்ந்து மறையும். படிகத்திற்கும் கண்ணாடிக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடநூலில் ஒரு பக்கம் படிப்பதைவிட இது ஆழமாகப் பதியும்.

கையில் கிடைக்கும் கருங்கண்ணாடி

சிலர் பழைய ஈயச் (வெள்ளீயச்) சுரங்கத்தின் பக்கம் பொறுக்கிய கறுப்புக் கண்ணாடித் துண்டைக் கொண்டுவந்து, இது எரிமலைக் கல்தானே என்று கேட்பார்கள். பெரும்பாலும் அது ஈயத்தை உருக்கியபோது ஒதுக்கிய கசடு. உள்ளே சீரற்ற காற்றுக் குமிழிகளும், சில வேளைகளில் உலோக மணிகளும், மேலே பல நிற மினுக்கமும், வழிந்து மடிந்த தோலும் அதைக் காட்டிக்கொடுக்கும். ஈயக் கசடு சிலவற்றில் தோரியம் போன்ற கதிரியக்கத் தனிமங்கள் இருப்பதுண்டு. ஆதலால் வீட்டு அலமாரியில் வைக்க வேண்டாம். அரிதாக, மேற்பரப்பில் சிறு குழிகள் நிறைந்த கருங்கண்ணாடி உருண்டை ஈய மணலில் கிடைக்கும். அது டெக்டைட்டாக இருக்கலாம். ஏறத்தாழ 7,90,000 ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியபோது உருகித் தெறித்த பூமியின் மண் அது. எரிமலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. லெங்கோங்கின் புக்கிட் பூனோவிலும் விண்கல் மோதலின் தடயங்கள் கிடைத்துள்ளன. அங்குள்ள சூவைட் என்னும் பாறை, மோதலில் நொறுங்கிய துண்டுகளும் உருகி உறைந்த துண்டுகளும் கலந்தது. அதன் வயது 18,30,000 ஆண்டு எனக் கணித்திருக்கிறார்கள். ஒரே பள்ளத்தாக்கில் வானத்து அடியால் உருகியதும் எரிமலை உருக்கியதும் சில கிலோமீட்டருக்குள் இருப்பதால், இரண்டையும் ஒரே பயணத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உண்மையான எரிமலைக் கருங்கண்ணாடியைப் பார்க்க விரும்புகிறவர்கள் சபாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செம்போர்ணாவின் புக்கிட் தெங்கோராக் ஓர் அணைந்த எரிமலையின் விளிம்பு. அங்கே வாழ்ந்த கற்கால மக்கள் விட்டுச்சென்ற அப்சிடியன் சில்லுகள் கிடைத்துள்ளன. ஆனால் அவர்கள் அமர்ந்திருந்த மலை எரிமலையாக இருந்தும், அச்சில்லுகளுள் சில 3,500 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நியூ பிரிட்டன் தீவின் தலாசேயாவிலிருந்து கடல்வழியாக வந்தவை என்று வேதிப் பகுப்பாய்வு காட்டியது.

குறித்துவைப்பது

ஒவ்வோர் இடத்திலும் கைப்பேசி காட்டும் அகலாங்கு, நெட்டாங்கு, தேதி, வெட்டுமுகம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது, தரையிலிருந்து அடுக்கின் உயரம், அடுக்கின் தடிப்பு, மேலும் கீழும் என்ன மண் என்பது ஆகியவற்றைக் குறியுங்கள். அளவுநாடாவைச் சாய்த்து வைத்து ஒரு படமும், இடம் முழுவதும் தெரிய ஒரு படமும் எடுங்கள். அளவு தெரியாத படம் பின்னால் யாருக்கும் உதவாது. இடத்தைச் சொன்ன பெரியவர் மறுநடவு நடந்த ஆண்டையும் நினைவுகூர்ந்தால், அதையும் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவையுங்கள். ஆனால் அவருடைய சம்மதமின்றிப் பெயரை வெளியிட வேண்டாம்.

இதுவரை யாரும் குறிக்காத ஓர் அடுக்கைக் கண்டுவிட்டதாக நம்பினால், துல்லியமான இடத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதைத் தவிர்த்து, படங்களையும் அளவுகளையும் தேசியப் பாரம்பரியத் துறைக்கோ மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வு மையத்திற்கோ அனுப்புங்கள். நிலத்துக்குரியவருக்கும் ஒரு நகலைக் கொடுங்கள். மறுநடவு இயந்திரம் அடுத்த வாரமே அந்தச் சரிவுக்கு வரப்போகிறது என்று தெரிந்தால், கடிதத்தின் முதல் வரியிலேயே அதைச் சொல்லுங்கள்.